சூடு எப்போது ஏறுகிறது? கார் எஞ்சின், ரேடியேட்டர் ஃபேன் கோளாறுகளை அறிகுறி பிடித்துக் கண்டறியும் முறை

காரின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால் எந்த நேரத்தில் சூடாகிறது என்று கேட்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிற சூடு வேறு. நாற்கரச் சாலையில் ஓட ஓட ஏறுகிற சூடு வேறு. காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடத்திலேயே எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கல்லாக இறுக வைக்கிற கோளாறு இன்னும் வேறு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ரேடியேட்டரை மாற்றுவதும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும், ஃபேனுக்கு ‘டைரக்ட்’ (எப்போதும் ஓடும்படி நேரடி மின் இணைப்பு) கொடுத்து அனுப்புவதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டன. அதனால் பணம் போவது ஒரு பக்கம் இருக்க, உண்மையான கோளாறு உள்ளேயே தங்கி, ஒருநாள் ஹெட் கேஸ்கட்டையும் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. இதைத் தவிர்க்கலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கீழே சொல்லப்படுபவை மின்சார ஃபேன் பொருத்தப்பட்ட சாதாரணக் கார்களுக்கானவை. எஞ்சின் நீளவாக்கில் அமைந்து, விஸ்கஸ் கிளட்ச் (சிலிக்கான் திரவத்தால் இயங்கும் இணைப்பு) வழியாக ஃபேன் சுழலும் ஜீப் வகை வண்டிகளைப் பற்றி உரிய இடத்தில் தனியே சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

மின்சார ஃபேன் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுழலக்கூடியது. ஆகவே இறக்கைகளுக்கு அருகே கையைக் கொண்டுபோவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. உள்ளே இருக்கும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரிக்கு மேல் இருந்தும் அழுத்தத்தினால் மட்டுமே கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி தளர்ந்த கணத்தில் அது நீராவியாக மாறி முகத்திலும் கையிலும் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் இறுகப் பிடித்துக்கொள்ள முடிகிற அளவுக்கு ஆறிய பின்னரே, தடித்த துணியை மூடியின் மேல் போட்டு, முதல் படிவரை மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கியதும் முழுதாகத் திறக்க வேண்டும்.

கூலண்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைகோல் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. வடித்த கூலண்டைத் தெருவில் ஊற்றினாலோ, திறந்த தட்டில் விட்டுவைத்தாலோ, நாயும் பூனையும் அதைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதைக் கூடுதல் கவனத்துடன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் முள் சிவப்பை நோக்கி ஏறினால், ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் காற்றையும் முழு வேகத்தில் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்குங்கள். ஹீட்டரின் உள்ளே இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். அது எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியைக் காருக்குள் கொண்டுவந்து கொட்டும். அது உங்களுக்குத் துன்பம், எஞ்சினுக்கு ஆறுதல். நீராவி தெரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது மிகத் தவறான பழக்கம். அலுமினிய சிலிண்டர் ஹெட் திடீர்க் குளிர்ச்சியில் வளைந்துபோகவோ விரிசல் விடவோ கூடும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கூலண்ட் முழுவதும் வெளியேறிவிட்டால், வெப்பநிலையை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்காமல் வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது மேலே நின்ற முள் திடீரென்று கீழே விழும். சூடு தணிந்துவிட்டது என்று நம்பி அந்த நிலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டியவர்கள் எஞ்சினையே இழந்திருக்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்பது சுருக்கமாக

எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலண்டுக்குப் போய்ச் சேர்கிறது. வாட்டர் பம்ப் அந்தக் கூலண்டை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறந்து, அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது அந்தக் காற்றை ஃபேன் இழுத்துத் தர வேண்டும். கூலண்ட் 95 டிகிரியை ஒட்டி வந்ததும் ஃபேன் ஓடத் தொடங்குவதும், சில டிகிரி இறங்கியதும் நிற்பதும் இயல்பு.

ரேடியேட்டர் மூடி செய்வது குக்கர் மூடியின் வேலை. அதில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருக்கும் எண், அது தாங்கிப் பிடிக்கும் அழுத்தத்தைக் குறிக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் இன்னும் தாமதமாகக் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி மேலே போனதும் பொங்குவதற்கு, சில நூறு ரூபாய் விலையுள்ள இந்த மூடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிக்னலில் ஏறி, ஓட்டத்தில் இறங்கும் சூடு

நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால், காற்று போதவில்லை என்று பொருள். அதாவது பத்தில் ஒன்பது முறை ஃபேனோ அதற்கு மின்சாரம் தரும் பாதையோதான் காரணம். முள் ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு முன்னறிவிப்பும் வந்திருக்கும்: வண்டி ஓடும்போது ஏ.சி. நன்றாகக் குளிரும், சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பான காற்று வரும். ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் அதே காற்றை நம்பித்தான் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. இந்த அறிகுறியைப் பார்த்துவிட்டு கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிக்கொண்டு வருபவர்கள் பலர்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுழல வேண்டும். இரண்டு ஃபேன்கள் இருந்தால் எது சுழல்கிறது, எது சுழலவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஒன்று கண்டென்சருக்கு மட்டும் உரியது. ஏ.சி. போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுழன்று, ஏ.சி. இல்லாமல் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சுழலாமல் இருந்தால், மோட்டாரும் ஃபியூஸும் ஒழுங்காக இருக்கின்றன, ‘சூடாகிவிட்டது’ என்ற செய்திதான் போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். பழைய வண்டியில் ரேடியேட்டரில் திருகப்பட்டிருக்கும் ஃபேன் சுவிட்சையும், புதியதில் கூலண்ட் வெப்பநிலை சென்சாரையும் அதன் கனெக்டரையும் அங்கே பார்க்க வேண்டும்.

சென்சாரைச் சோதிப்பதற்கு ஓர் எளிய வழி, எஞ்சின் ஓடும்போது அதன் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, சென்சாரை நம்ப முடியவில்லை என்றால், பெரும்பாலான வண்டிகளில் பாதுகாப்புக்காக ஃபேனை உடனே ஓடவிடும். எச்சரிக்கை விளக்கு எரிந்து பி0118 என்ற பிழைக் குறியீடு பதிவாகும்; பிறகு அதை அழித்துவிடலாம். கழற்றியதும் ஃபேன் ஓடினால், கணினியிலிருந்து மோட்டார் வரையிலான பாதை முழுவதும் நன்றாக உள்ளது, சென்சாரையோ அதன் வயரையோதான் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் சென்சாரின் மின்தடையையும் பார்க்கலாம்: பொதுவாக அறை வெப்பத்தில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். சூடு ஏற ஏறத் தடை சீராகக் குறைய வேண்டும். நடுவில் தாவினால் சென்சார் கெட்டுவிட்டது.

ஏ.சி. போட்டும், கனெக்டரைக் கழற்றியும் ஃபேன் அசையவில்லை என்றால், மின்சாரத்தின் பாதையைப் பேட்டரியிலிருந்து மோட்டாரை நோக்கி ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஃபேனின் ஃபியூஸ் வழக்கமாக எஞ்சின் அறைப் பெட்டியில் 20 முதல் 40 ஆம்பியர் வரையிலான ஒன்றாக இருக்கும். அது எரிந்திருந்தால் புதியதைப் போட்டுவிட்டுப் புறப்பட்டுவிடாதீர்கள். காரணமில்லாமல் ஃபியூஸ் எரிவதில்லை. இறுகிக்கொண்ட மோட்டார் அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுத்திருக்கலாம், அல்லது வயரின் தோல் எங்கோ உரசி பாடியைத் தொட்டிருக்கலாம். அதைத் தேடாமல் பெரிய ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது, தீயை வயருக்குள் அனுப்பிவைப்பதற்குச் சமம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே, அதாவது ஃபேனுக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச். அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறொன்றுக்கோ உள்ள, அச்சிட்ட எண் மாறாத ரிலேயை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். ரிலேயை எடுத்த கையோடு அது உட்கார்ந்திருந்த அடிப்பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு துளை மட்டும் உருகி விரிந்திருந்தால், கோளாறு ரிலேயில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் பின்னில் இருக்கிறது. அங்கே எத்தனை புதிய ரிலே போட்டாலும் அடுத்த கோடைக்குள் எரியும்.

அதற்கும் அடுத்தது மோட்டார். அதன் கனெக்டரைக் கழற்றி, 20 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸ் இணைத்த தடித்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஃபேனிலேயே மின்னணு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒட்டியிருக்கும் புதிய வண்டிகளில் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. நேரடி மின்சாரத்திலும் சுழலாமல், நீண்ட ஒரு குச்சியால் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டியதும் சுழலத் தொடங்கினால், கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன. அது இன்றோ நாளையோ நிற்கப்போகிற மோட்டார்.

விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டிகளில் மின்சாரச் சோதனை எதுவும் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுண்டிவிடுங்கள். ஆறிய நிலையில் ஓரளவு தடையும், சூடான நிலையில் அதைவிட அழுத்தமான தடையும் தெரிய வேண்டும். காற்றாடிபோல் தடையில்லாமல் பல சுற்றுகள் சுற்றினாலோ, கிளட்சின் நடுவிலிருந்து எண்ணெய் தெறித்த கோடுகள் தெரிந்தாலோ அதன் சிலிக்கான் திரவம் வெளியேறிவிட்டது.

ஃபேன் ஓடுகிறது, காற்று இல்லை

எனக்கு மிகுந்த செலவு வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தது இந்தக் கோளாறுதான். என்னுடைய சிறிய பெட்ரோல் கார் சேலம் நகர நெரிசலில் சூடாகத் தொடங்கியது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டையூசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டது. நான் போன ஒர்க்‌ஷாப்பில் முதல் முறை தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். இரண்டாம் முறை ரேடியேட்டரையே மாற்றினார்கள். ஃபேன் கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்ததால் அதை எவரும் சந்தேகிக்கவில்லை, நானும் சந்தேகிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பக்கச் செய்தித்தாளை எடுத்து, ஃபேன் ஓடும்போது முன் கிரில்லின் மேல் வைத்துப் பார்த்தேன். நல்ல ஃபேன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். என்னுடையதில் தாள் ஒரு கணம் நின்று, மெல்லச் சறுக்கிக் கீழே விழுந்தது. மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தேன்: 13.9 வோல்ட். மோட்டாரின் கனெக்டரில், இரண்டு வயர்களுக்கும் இடையே: 10.3 வோல்ட். மூன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துகொண்டிருந்தது. பேட்டரியின் பாசிட்டிவுக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் வயருக்கும் இடையே அளந்தபோது 0.3 வோல்ட்தான் வந்தது. அது பொறுத்துக்கொள்ளக்கூடிய இழப்பு. நெகட்டிவுக்கும் மோட்டாரின் எர்த் வயருக்கும் இடையே அளந்தபோது 3.3 வோல்ட் காட்டியது.

அந்தக் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இடப்பக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டில் போய் முடிந்தது. கழற்றிப் பார்த்தேன். வளையத்தின் அடிப்பக்கம் பச்சைப் பூ பூத்திருந்தது. அது உட்கார்ந்த இடத்தில் தகரம் தெரியவில்லை, வெள்ளைப் பெயின்ட் தெரிந்தது. ஓராண்டுக்கு முன் முன்பக்கம் லேசாக இடித்து, டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்தபோது, எர்த் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் வைத்துத் தகரம் பளிச்சிடும் வரை தேய்த்து, வளையத்தையும் சுத்தம் செய்து, முடுக்கிய பின் மேலே வாசலின் தடவினேன். எர்த் பக்க இழப்பு 0.1 வோல்ட்டாக இறங்கியது, மோட்டாருக்கு 13.5 வோல்ட் கிடைத்தது. தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பாகங்கள் மாற்றியும் தீராத சூடு, ஒரு துண்டு உப்புத்தாளில் தீர்ந்தது. ஃபேன் ஓடும்போது எர்த் பக்கம் கால் வோல்ட்டுக்கு மேலும், பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேலும் இழப்பு இருந்தால் விடாமல் தேடுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

தாள் ஒட்டாமல், ஊதி வெளியே தள்ளப்பட்டால், மோட்டார் தலைகீழாகச் சுழல்கிறது. கனெக்டர் மாற்றியவர் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிவிட்டார் என்று பொருள். மோட்டார் நல்ல வேகத்தில் சுழன்றும் தாள் ஒட்டவில்லை என்றால், ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருக்கிறதா, ரேடியேட்டரின் ஓரங்களை மறைக்கும் ரப்பர்ப் பட்டைகள் காணாமல் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு வேக ஃபேனில் ரெசிஸ்டர் போனால், குறைந்த வேகம் மட்டும் வராமல், சூடு மிக ஏறிய பிறகு அதிவேகம் மட்டும் வரும்.

ரேடியேட்டரின் தகடுகளையும் மறந்துவிடக் கூடாது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் விரலளவு இடைவெளியில் சேரும் அழுக்கு வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அறுவடைக் காலத்தில் கொள்ளையும் கேழ்வரகையும் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்திருக்கும் ஊர்கள் வழியாகத் தினமும் போய்வரும் வண்டியில், பதரும் தூசும் அங்கே கம்பளிபோல் படிந்துவிடும். வாட்டர் சர்வீசில் முன்னாலிருந்து அதிக அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடங்கி, அழுக்கு இன்னும் உள்ளே இறங்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, தோட்டத்துக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் பொறுமையாகக் கழுவ வேண்டும்.

நெடுஞ்சாலையிலும் மலையேற்றத்திலும் ஏறும் சூடு

நகரத்துக்குள் ஒழுங்காக இருந்து, 90 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடியதும் முள் ஏறினால், ஃபேனைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த வேகத்தில் எதிர்க்காற்று ஃபேனைவிட வலிமையானது. இங்கே குறைவது கூலண்டின் ஓட்டம்.

முதலில், எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து அளவையும் நிறத்தையும் பாருங்கள். பக்கத்திலுள்ள கூலண்ட் சேமிப்பு பாட்டிலில் இருக்கும் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ரேடியேட்டரில் தனி மூடி உள்ள வண்டிகளில், மூடியின் உள்வால்வு கெட்டால் பாட்டில் நிறைந்திருக்க ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும். துருவின் நிறத்தில் சேறுபோல் இருந்தால், அந்த வண்டி போர்வெல் உப்புத் தண்ணீரை நெடுநாள் குடித்திருக்கிறது. தேநீர்ச் சட்டியின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அவற்றை ஒவ்வொன்றாக அடைக்கிறது. கூலண்டுடன் கலக்கக் காய்ச்சி வடித்த நீரையோ தாது நீக்கிய நீரையோ மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். கூலண்டின் பச்சை, சிவப்பு நிறங்களுக்குப் பொதுவான தரவிதி எதுவும் இல்லை. நிறம் பார்த்துக் கலக்காமல், வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட வகையை வாங்குங்கள்.

அடுத்து, எஞ்சின் சூடான நிலையில் மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பாருங்கள். தூரத்திலிருந்து அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் நல்லது. ஓட்டமும் காற்றும் சரியாக இருந்தால், கீழ் ஹோஸ் மேல் ஹோஸைவிடச் சுமார் பத்து டிகிரி குறைவாக இருக்கும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால், கூலண்ட் ஓடுகிறது, சூட்டை இறக்கிவைக்க முடியவில்லை. மேலே கொதித்து, கீழே தொட்டால் சில்லென்று இருந்தால், ஓட்டமே இல்லை: தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை.

தெர்மோஸ்டாட்டைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். அதை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடேற்றுங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் 82, 88 போன்ற எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

பம்பில் இரண்டு கோளாறுகள் வரும். சீல் போனால், அதன் உடலில் உள்ள சிறு துளை வழியாகக் கூலண்ட் வடிந்து காய்ந்த தடம் தெரியும். உள்ளே இருக்கும் இறக்கைகள் அரித்துப்போனாலோ, பிளாஸ்டிக் இறக்கை தண்டில் வழுக்கினாலோ வெளியே எந்தத் தடயமும் இருக்காது. கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன், ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, கீழ் ஹோஸைக் கவனியுங்கள். வேகம் கூடும்போது அது உள்வாங்கித் தட்டையானால், பம்ப் உறிஞ்சுகிறது, ஹோஸ்தான் வலுவிழந்துவிட்டது.

வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ முழு ஆள் சுமையுடனும் ஏ.சி.யுடனும் ஏறும்போது மட்டும் முள் சற்று ஏறி, சமதளத்தில் உடனே இறங்குவது எப்போதும் கோளாறாகாது. மேல் கியரில் திணறவிடாமல், ஒரு கியர் குறைத்து ஏறிப் பாருங்கள். பம்ப் எஞ்சினின் வேகத்தில்தான் சுற்றுகிறது. எஞ்சின் திணறும்போது சூடு கூடும், கூலண்டின் ஓட்டம் குறையும்.

கூலண்ட் குறைகிறது, கசிவு தெரியவில்லை

வாரந்தோறும் கூலண்ட் ஊற்ற வேண்டியிருந்தும் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்றால், மூன்று இடங்களைப் பாருங்கள். மூடி வழியாக ஆவியாகப் போகலாம். முன்னிருக்கையின் கால்மிதிக்கு அடியில் ஈரமும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் கசிகிறது. இரண்டும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கு நம்பத்தக்க அறிகுறிகள் உண்டு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகும். சூடு ஏறுவதற்கு முன்பே அழுத்தம் வந்துவிட்டால், அது எஞ்சின் சிலிண்டரிலிருந்து வரும் எரிந்த வாயுவின் அழுத்தம். இரவெல்லாம் ஆறிய பிறகும் மூடியைத் திறக்கும்போது சீறும். மூடி திறந்த ரேடியேட்டரில் குமிழிகள் நிற்காமல் வரும். காற்றடைப்பினால் வரும் குமிழி என்றால் பத்து நிமிடங்களில் நின்றுவிடும். புகைக்குழாயில் எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை தொடரும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்போல் நுரை படியும். ஆனால் மழைக்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டியிலும் இந்த நுரை வரும் என்பதால், இதை மட்டும் வைத்து ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். ரேடியேட்டரின் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் பல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். அதைச் செய்துகாட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

ஃபேன் நிற்காமல் ஓடுகிறது

எஞ்சினை நிறுத்திய பின் சில நிமிடங்கள் ஃபேன் ஓடுவது பல வண்டிகளில் இயல்பான ஏற்பாடு. காலையில் சாவியைத் திருப்பிய உடனேயே ஓடத் தொடங்கினால், சென்சார் பாதை அறுந்து கணினி பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. சாவி இல்லாமலே ஓடி இரவில் பேட்டரியைக் குடித்தால், ரிலேயின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரிலேயைப் பிடுங்கியதும் நின்றால் அது உறுதி. இவை எதுவும் இல்லை என்றால், முன்பு எவரோ ‘டைரக்ட்’ கொடுத்திருக்கிறார்களா என்று வயரைப் பாருங்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் வீடு சேர்வதற்கு அது நல்ல வழிதான். நிரந்தர ஏற்பாடாக விட்டால், மோட்டார் ஓயாமல் ஓடித் தேய்வதோடு, ஃபியூஸ் இல்லாத வயர் எஞ்சின் அறையில் தீ விபத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

எஞ்சின் சூடே ஆகவில்லை

இதைக் கோளாறு என்று நம்மில் பலர் நினைப்பதே இல்லை. முள் பாதிக்கு வராமல் கீழேயே நின்று, மைலேஜ் குறைந்து, பி0128 என்ற குறியீடு பதிவானால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது, அல்லது எவரோ அதைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருப்பதாக எண்ணும் கணினி எரிபொருளைக் கூடுதலாக ஊற்றும். அதில் ஒரு பகுதி ஆயிலில் கலந்து அதை நீர்க்கவைக்கும். திறக்கும்போதே பைபாஸ் பாதையை அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில், அதைக் கழற்றினால் கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டுக்குக் காரணமாகிவிடும்.

வேலை முடிந்த பிறகு

எந்தப் பாகத்தை மாற்றினாலும் கூலண்ட் நிரப்பும்போது உள்ளே காற்று தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடிய பின் எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் தானாகத் தொடங்கித் தானாக நிற்பதை இரண்டு முறையாவது நின்று பாருங்கள். முள் நடுவில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் 80 டிகிரியிலிருந்து 100ஐத் தாண்டும் வரையில் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. (வண்டிக் கணினியின் சோதனை இணைப்பு) துளையில் செருகும் சிறு கருவியைக் கைபேசியுடன் இணைத்தால் உண்மையான எண்ணே தெரியும். மறுநாள் காலை, எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதால் ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புங்கள்; அதற்கு அடுத்த நாளும் குறைந்திருந்தால் கசிவை முதலிலிருந்து தேட வேண்டும்.